சோதித்தவர் வெள்ளைக்காரர் என்பதால் மதிப்பெண் குறையுமா?

நியூஜெர்சி பள்ளியில் சிறப்புக் கல்விக்காக வைத்த நுண்ணறிவுச் சோதனையில் உங்கள் ஏழு வயது மகனுக்கு 86 வந்ததாகவும், சோதித்தவர் வெள்ளைக்காரர் என்பதால் பையன் வாயே திறக்கவில்லையோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இனத்தைவிடப் பழக்கமின்மை மேல்தான் சந்தேகம். என் மகளே பல் டாக்டரிடம் பெயரைக்கூடச் சொல்ல மாட்டாள்.

அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளை வைத்து இதை நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். 1982இல் சாட்லர், குவின் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் சோதிப்பவரின் இனம் மதிப்பெண்ணை மாற்றவில்லை. (தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.) ஆனால் 1986இல் ஃபுக்ஸ் என்ற ஆய்வாளர் தம்பதி 22 ஆய்வுகளைத் தொகுத்தபோது, பழகியவர் சோதித்தால் ஏறத்தாழ நான்கு புள்ளி கூடுவது தெரிந்தது. ஏழைக் குழந்தைகளுக்கு வித்தியாசம் இன்னும் அதிகம்.

சரி, வீட்டில் தமிழ் மட்டும்தான் என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அறிக்கையில் சொல் சார்ந்த மதிப்பெண்ணையும் படம், கட்டை சார்ந்ததையும் தனித்தனியாகப் பாருங்கள். முதலாவது மட்டும் இறங்கியிருந்தால் மொழியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கூட்டரசுச் சட்டப்படி, இயன்றவரை குழந்தையின் மொழியிலேயே சோதிக்க வேண்டும். முடிவை ஏற்கவில்லை என்றால் பள்ளி மாவட்டத்தின் (அதாவது உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தின்) செலவில் வெளியார் மதிப்பீடு கேளுங்கள், எழுத்தில். மாவட்டம் அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தன் சோதனை சரிதான் என்று விசாரணையில் காட்ட வேண்டும்.

அப்புறம், புதியவர் சோதிக்கும் முன் பையனோடு அரைமணி நேரம் விளையாடச் சொல்லுங்கள்.