வலியில்லாமல் வீங்கும் கன்னம்: உடனே ஆபரேஷன் தேவையா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. இரண்டு வருடமாக இடது கன்னம் மெல்லப் பெருத்து வருகிறது. வலி இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மேல்தாடையில் ‘ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா’ என்றார்கள். புற்றுநோயாக இருக்குமோ என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். உடனே ஆபரேஷன் செய்துவிடலாமா?

பதில்: இது புற்றுநோய் இல்லை. நல்ல எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நார்த்திசுவும் முற்றாத எலும்பும் கலந்து நிரம்பிவிடுகிற கோளாறு. கரு வளரும்போது ஏதோ ஒரு செல்லில் ‘ஜிஎன்ஏஎஸ்’ மரபணு மாறிவிடுவதால் வருகிறது. பரம்பரை நோயல்ல. ‘யார் வீட்டு வழியில் வந்தது’ என்ற விசாரணையை விட்டுவிடுங்கள்.

எக்ஸ்ரேயில் அந்த இடம் பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி மங்கலாக, எங்கே முடிகிறது என்றே தெரியாமல் பக்கத்து எலும்போடு கலந்திருக்கும். அதனால் கட்டியைப் போல முழுசாகத் தோண்டி எடுப்பது சுலபமில்லை. செதுக்கிச் சமன் செய்யலாம். ஆனால் வளரும் வயதில் செதுக்கினால் மறுபடி பெருக்க வாய்ப்பு அதிகம். உடல் வளர்ச்சி நிற்கும் பருவத்தில் பெரும்பாலும் இதுவும் அடங்கும். அப்போது செதுக்கினால் பலன் பெரும்பாலும் நீடிக்கும். வாய்க்குள்ளேயே கீறிச் செய்வதால் பொதுவாக முகத்தில் தழும்பும் விழாது. எனவே, பார்வைக்கோ மூச்சுக்கோ தொந்தரவு இல்லையென்றால் காத்திருங்கள் என்பதே என் கருத்து.

இப்போதைய சி.டி. ஸ்கேனைப் பத்திரப்படுத்துங்கள், பின்னால் ஒப்பிட அதுதான் கைகொடுக்கும். முகத்தை நேராக வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டோ எடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. வீக்கம் கண்குழியைத் தொட்டிருந்தால் கண் மருத்துவரிடமும் காட்டுங்கள். தோலில் காப்பி நிறத் திட்டுகள் இருந்தாலோ, மகள் எட்டு வயதுக்கு முன்பே பூப்படைந்திருந்தாலோ மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது எலும்போடு தோலும் ஹார்மோனும் பாதிக்கப்படுகிற மெக்கியூன்-ஆல்பிரைட் என்ற நிலையாக இருக்கலாம். ஹார்மோன் பரிசோதனை தேவைப்படும்.

கதிர்வீச்சு சிகிச்சைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். மிக அபூர்வமாக இது புற்றாக மாறுவதுண்டு. கதிர்வீச்சு அந்த ஆபத்தைக் கூட்டும். எக்ஸ்ரே எடுப்பது வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம். திடீரென வலி, வேகமான வீக்கம், பார்வை மங்கல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடம் போய்விடுங்கள்.