கண் இமை தொங்குது, பிரெய்ன் எம்ஆர்ஐ நார்மல்னு வந்துடுச்சு. மறுபடி ஆர்பிட் (கண்குழி) எம்ஆர்ஐ எதுக்கு? கண் தசை அதுல தெரியுமா?

நல்லாவே தெரியும், ஆனா அதுக்குன்னு எடுக்கணும். எங்க அக்காவுக்கும் இதே 'நார்மல்' ரிப்போர்ட்தான் வந்துச்சு, அத நம்பி ரெண்டு வருஷம் போச்சு. நான் டாக்டர் இல்லங்க, அவ ஃபைலத் தூக்கிட்டு அலைஞ்சவன், அவ்ளோதான். டாக்டருங்க யாராவது படிச்சா தப்பு இருந்தா திருத்துங்க, 'கூகுள் பார்த்து எழுதுறான்'னு மட்டும் சொல்லாதீங்க.

அக்காவுக்கு ரெண்டு இமையும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிச்சு. டிவி பார்க்கணும்னா தாடையத் தூக்கி நெத்தியச் சுருக்கிட்டு உக்காருவா. பக்கவாட்டுல கூப்பிட்டா கண்ணு திரும்பாது, கழுத்தோட திரும்புவா. அவ புகுந்த வீட்ல 'திமிர் பிடிச்சவ, முறைச்சுப் பார்க்கறா'ன்னு பேசுனாங்க, அது இன்னும் எனக்கு ஆறல.

முதல்ல பார்த்த இடத்துல மயஸ்தீனியா, அதாவது நரம்பு சொல்றது தசைக்குச் சரியா போய்ச் சேராம தசை சோர்ந்து போற நோய்னு சொல்லி, அதுக்கான பிரிடோஸ்டிக்மின் மாத்திரை குடுத்தாங்க. ஒரு வருஷம் சாப்பிட்டா, வயித்தக் கலக்குனதுதான் மிச்சம், இமை ஏறவே இல்ல. ஆன்டிபாடி டெஸ்ட் நெகட்டிவ். ஆனா கண்ணோட நிக்கற மயஸ்தீனியால பாதிப் பேர் கிட்ட நெகட்டிவா வருமாம், அதனால அத வச்சும் ஒண்ணும் முடிவாகல.

அப்புறம் பார்த்த நியூரோ டாக்டர் கல்யாண ஆல்பத்தக் கொண்டாங்கன்னார். 2009ல எடுத்த போட்டோ, அதுலயே வலது இமை கருவிழி மேல பாதி இறங்கியிருக்கு. நாங்க இத்தன வருஷமா வெக்கத்துல குனிஞ்சிருக்கான்னு நினைச்சுட்டு இருந்தோம்.

அவர்தான் ஆர்பிட் எம்ஆர்ஐ எழுதுனார். கண்ண அசைக்கற தசை சில மில்லிமீட்டர் தடிமன்தான், சாதாரண பிரெய்ன் ஸ்கேன் 5 மிமீ துண்டா போகும், அதுல எங்க பிடிபடும்? ஆர்பிட்னா 3 மிமீ, அதுக்கும் மெல்லிசா எடுப்பாங்க, கண்ணுக்குப் பின்னால இருக்கற கொழுப்பு படத்துல வெள்ளையா அடிக்காம அதோட சிக்னல மட்டும் அமுக்கிட்டு எடுப்பாங்க. டெக்னீசியன் கண்மைய மூணு தடவ துடைக்க வச்சார், அதுல உலோகத் தூள் இருந்தா படம் கெட்டுடுமாம். கண்ணும் ஒரே இடத்துல நிக்கணும்.

படத்துல கண்ண சுத்தி இருக்கற தசை எல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நூலா மெலிஞ்சு கிடந்துச்சு. தைராய்டு கண் நோய்னா தசை உப்பிக்கும். மயஸ்தீனியால ஆரம்பத்துல பெரும்பாலும் நார்மலாவே இருக்கும், அதனால எம்ஆர்ஐ நல்லா வந்தா மயஸ்தீனியா இல்லன்னு நினைச்சுடாதீங்க. அக்காவுக்கு சிபிஇஓ, அதாவது இமையத் தூக்கற தசையும் கண்ண அசைக்கற தசையும் வருஷக்கணக்கா மெதுவா பலம் இழக்கற நோய்; செல்லுக்கு சக்தி குடுக்கற மைட்டோகாண்ட்ரியாவுல வர்ற கோளாறு. ஸ்கேன் வழி காட்டுச்சு, உறுதி பண்ணது தசை பயாப்சிதான். அந்த பயாப்சிக்கு '24 மணி நேரம் அட்மிட் ஆகல'ன்னு இன்சூரன்ஸ்ல கிளெய்ம ரிஜெக்ட் பண்ணிட்டாங்க, பிரீமியம் மட்டும் வருஷா வருஷம் கரெக்டா கட்டுறோம்.

உங்களுக்கு சாயங்காலம் அதிகமாகி காலைல சரியாகுதுன்னா மயஸ்தீனியாவா இருக்கலாம், டாக்டர்ட்ட ஐஸ் டெஸ்ட் பத்தி கேளுங்க, மூடின இமை மேல ரெண்டு நிமிஷம் ஐஸ் வச்சு இமை ஏறுதான்னு பார்ப்பாங்க. எங்க அக்கா மாதிரி வருஷக்கணக்கா மெதுவா இறங்குதுன்னா ஈசிஜியும் எடுத்துடுங்க, சில பேருக்கு ஹார்ட் பிளாக் (ரத்தக் குழாய் அடைப்பு இல்ல, இதயத் துடிப்புக்கான மின்சாரம் தடைபடறது) கூடவே வரும். ஸ்கேன் சென்டர்ல ஃபிலிமோட விடாம சிடியும் வாங்கிக்குங்க.

அக்கா இப்ப இமையத் தாங்கிப் பிடிக்கற கம்பி வச்ச கண்ணாடி போடுறா. கண்ணு காஞ்சு போகுதுன்னு ட்ராப்ஸ் விடணும். தாடையத் தூக்காம நேரா உக்காந்து டிவி பார்க்கறா.