எலுமிச்சையில் எங்கே வெயில்?

அன்புள்ள அக்கா,

நலமா? என் மச்சினன் வேலை விஷயமாக இத்தாலி போய்விட்டு வரும்போது எனக்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்கி வந்தான். மத்தியதரைக் கடலோரக் கோடையின் வெப்பம் என்ற பொருளில் அட்டையில் ஏதோ எழுதியிருக்கிறது. நீங்கள் வாசனைகளைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். அடித்தால் எலுமிச்சையும் ஆரஞ்சுத் தோலும்தான் வாசம் வருகிறது. எங்கள் ஊரே எலுமிச்சை மண்டி ஊர், இதற்குப் போய்க் காசு கொடுப்பார்களா என்கிறார் அப்பா. என் மனைவி ஒருமுறை முகர்ந்துவிட்டு, பாத்திரம் தேய்க்கிற சோப்பு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அதெல்லாம் போகட்டும். அரை மணி நேரத்தில் வாசனையே காணோம், ஏமாற்றிவிட்டார்களா? அப்புறம் முக்கியமான கேள்வி, இதில் வெப்பம் எங்கே இருக்கிறது? எலுமிச்சை என்றால் எனக்குக் குளிர்ச்சி. வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் ஜூஸ் குடிப்போம், தலையில் தேய்த்துக் குளிப்போம். அதை முகர்ந்து வெயிலை நினைத்துக்கொள் என்றால் எப்படி? எங்கள் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? பாட்டிலை ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறேன், வெயில் பட்டால் மஞ்சளாக மின்னுகிறது, அது ஒன்றுதான் லாபம்.

அன்புடன்,
ஒரு வாசகன், புளியங்குடி

*

அன்புள்ள தம்பி,

நீங்கள் எழுதியிருந்த பாட்டிலின் பெயரை எடுத்துவிட்டேன். நான் முகராத சரக்கு, அதைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்வது முறையில்லை. ஆனால் இந்த ரகத்து சென்ட்டுகளோடு எனக்குப் பல வருஷப் பழக்கம் உண்டு, அந்த உரிமையில் சொல்கிறேன்.

உங்கள் மனைவியின் மூக்கு பொய் சொல்லவில்லை. ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன் என்ற ஒரே பொருள்தான். ஜூஸ் ஆலைகளில் பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சுகிற தோலிலிருந்து அது டன் கணக்கில் கிடைக்கிறது, விலையும் மலிவு, எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கும், சோப்புக்காரர்கள் சும்மா விடுவார்களா? எலுமிச்சை வாசனையின் அந்தக் கூர்மைக்குக் காரணம் சிட்ரால். அது எலுமிச்சைத் தோலைவிட எலுமிச்சைப்புல்லில்தான் கொட்டிக் கிடக்கிறது, அந்தப் புல்லின் எண்ணெயில் முக்கால் பங்கு சிட்ரால்தான். ஆகப் பழமே இல்லாமல் பழவாசனை செய்யலாம், செய்கிறார்கள், தரை துடைக்கிற திரவம் வரைக்கும் அது வந்துவிட்டது. நாமும் ஐம்பது வருஷமாக அடுப்படியில் அதை முகர்ந்து முகர்ந்து, எலுமிச்சை என்றாலே கழுவுதொட்டி ஞாபகம் வருகிற தலைமுறையாகிவிட்டோம். நம் மூக்குகளுக்கு நேர்ந்த பெரிய நஷ்டங்களில் ஒன்று இது என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்கும் பதில் சொல்ல வேண்டும். உங்கள் ஊர் மண்டிக்கு மூட்டை மூட்டையாக வருவது உருண்டையாக, சின்னதாக, மெல்லிய தோலோடு இருக்கிற நம்ம எலுமிச்சை. இத்தாலிக்காரர்கள் லிமோனே என்கிறது வேறு பழம், தோல் தடிப்பாக, முட்டை வடிவத்தில், நுனியில் ஒரு சின்னக் கூம்போடு இருக்கும், வாசனையிலும் நம்முடையதைவிடக் காரம் குறைவு. தவிர, இந்த ரகத்து சென்ட்டை அடித்தவுடன் மூக்கில் ஏறுவது பெரும்பாலும் எலுமிச்சையே கிடையாது, பெர்கமோட் என்று அதே இனத்து இன்னொரு பழம். ஏர்ல் கிரே டீ குடித்திருந்தால் அந்த வாசனையைத் தெரியும். இத்தாலி வரைபடத்தைப் பூட்ஸ் மாதிரி இருக்கும் என்பார்களே, அதன் விரல்நுனியில் ரெஜ்ஜோ கலாப்ரியா என்று ஒரு பகுதி. உலகத்தில் விளைகிற பெர்கமோட்டில் பெரும்பங்கு அங்கே கடலோரமாக உள்ள குறுகலான ஒரு துண்டு நிலத்திலிருந்து வருகிறது. அப்படியே உரித்துச் சாப்பிட முடியாது, கசக்கும், புளிக்கும். எண்ணெய்க்காகத்தான் வளர்க்கிறார்கள், சுமார் 200 கிலோ பழத்துக்கு ஒரு கிலோ எண்ணெய். எந்திரம் வருவதற்கு முன்பு பழத்தை இரண்டாக வெட்டி, சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, தோலைக் கடற்பஞ்சில் வைத்து அழுத்தித் திருகுவார்களாம், தெறிக்கிற எண்ணெய் பஞ்சில் ஊறும், பிறகு பஞ்சை மண்சட்டியில் பிழிந்துகொள்வார்கள். ஆரஞ்சுத் தோலை மடக்கித் தம்பியின் கண்ணுக்கு நேரே பீய்ச்சி விளையாடியவர்களுக்கு இந்தத் தொழில்நுட்பத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது மிகச் சரி என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. பெர்கமோட் பறிப்பது எப்போது தெரியுமா? நவம்பரில் தொடங்கி மார்ச் வரைக்கும். அந்தக் கடலோரத்தில் மழை பெய்வது குளிர்காலத்தில்தான், கோடை வறண்டு காயும். கோடை என்று அட்டை போட்டு விற்கிற சரக்கின் முதல் வாசனை மழைக்காலத்தில் பறித்தது!

சரி, இந்த ரகத்துக்கே மூதாதையான சென்ட்டை எடுத்துக்கொள்வோம், அதிலாவது வெயில் இருந்ததா? இத்தாலியின் வடக்கே மலைப்பக்கத்து ஊரில் பிறந்த ஜொஹான் மரியா ஃபரீனா என்பவர் ஜெர்மனியில் கொலோன் நகரத்துக்குப் பிழைக்கப் போனார். 1709இல் தொடங்கிய அவர்கள் குடும்பக் கடையில்தான் அந்த ஊர்ப் பெயரையே வைத்து, கொலோன் தண்ணீர் என்று அந்த சென்ட் விற்பனையானது. நம்ம வீடுகளில் காய்ச்சல்காரர் நெற்றியில் பற்றுப் போட்ட ஓடிகொலோன் அதன் தூரத்துப் பேத்தி. கடை தொடங்குவதற்கு முந்தின வருஷம் தன் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில் ஃபரீனா அதை வர்ணித்திருக்கிறார், இத்தாலியில் மழை விட்ட பிறகு வருகிற ஒரு வசந்தகாலக் காலைப்பொழுதை நினைவுபடுத்துகிறது என்று. மழை, வசந்தம், காலை. வெயில் என்ற பேச்சே இல்லை. ஆக எலுமிச்சை என்றால் குளிர்ச்சி என்று நீங்கள் சொல்வதும், அந்த சென்ட்டைக் கண்டுபிடித்தவர் சொன்னதும் ஒன்றுதான்.

ஆனால் கொலோனில் எனக்கு வேறு ஒன்று நடந்தது. என் தங்கை குடும்பம் அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேர தூரத்தில் இருக்கிறது. ஒரு டிசம்பரில் அவளைப் பார்க்கப் போனபோது அந்தக் கடையோடு சேர்ந்த வாசனை அருங்காட்சியகத்துக்கும் போனேன். வெளியே நாலரை மணிக்கே இருட்டு, மூன்று அடுக்கு உடுப்பு, விரல் மரத்துப்போயிருந்தது. வழிகாட்டிய பெண் ஒரு காகிதத் துண்டைப் பெர்கமோட் எண்ணெயில் தொட்டு நீட்டினார். முகர்ந்த உடனே எனக்கு, சிரிக்காதீர்கள், கண் கூசியது. மே மாதம் மதியம் மாடிக்கதவைத் திறந்தால் கூசுமே, அந்த மாதிரி. அதே எண்ணெயை நான் சென்னையில் எத்தனையோ தடவை முகர்ந்திருக்கிறேன், ஒருநாளும் அப்படி ஆனதில்லை. வெயில் இல்லாத ஊரில் நின்றுகொண்டிருந்ததால் வந்த வினை. ஃபரீனாவும் அந்த மப்பும் மழையும் உள்ள ஊரில் உட்கார்ந்துகொண்டு தெற்கை நினைத்துக் கலக்கியவர்தான். தெற்கத்தி வாசனைகளை வடக்கத்திக்காரர்களுக்காகத்தான் புட்டியில் அடைத்தார்கள், அட்டையில் அந்த வாசகத்தை எழுதியவரும் புளியங்குடியை மனதில் வைத்து எழுதியிருக்க மாட்டார்.

இன்னொன்றும் யோசியுங்கள். நமக்கு வெயில் எந்த வாசனையில் இருக்கிறது? தாரில் இருக்கிறது, வேர்வையில் இருக்கிறது, அதை யாராவது சென்ட்டாகப் போட்டுக்கொள்வார்களா? சித்திரை என்றால் என் மூக்குக்கு வருவது நனைத்த வெட்டிவேர்த் தட்டி, பானைத் தண்ணீர், நன்னாரி சர்பத். எல்லாமே குளிர்ச்சி. ஆனால் வெட்டிவேரை முகர்ந்தால் எனக்கு முதலில் வருவது அந்தத் தட்டிக்கு அந்தப் பக்கம் நிற்கிற அனல். வெயிலுக்கு எதிராக எதைக் கையில் எடுத்தோமோ அதில்தான் வெயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எலுமிச்சை அந்தக் கடலோரத்தில் அப்படித்தான். சிசிலியில் கோடைக்காலத்தில் காலைப் பலகாரமே எலுமிச்சை போட்டு உறையவைத்த கிரானிட்டாவும் அதைத் தொட்டுக்கொள்ள ஒரு பன்னும். நேப்பிள்ஸில் தெருமுனைத் தண்ணீர்க் கடைகளில் எலுமிச்சையைப் பிழிந்து, சோடா ஊற்றி, கடைசியாக ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டு நீட்டுவார்கள், குபுகுபுவென்று பொங்கி வழியும், உடுப்பில் கொட்டாமல் இருக்கக் காலை அகட்டிக்கொண்டு முன்னால் குனிந்து ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். அதற்குப் பெயரே கால் அகட்டிக் குடிக்கிற எலுமிச்சைத் தண்ணீர் என்றுதான். அந்த ஊர்க்காரன் டிசம்பரில் எலுமிச்சையை முகர்ந்தால் ஆகஸ்ட் மாதம் வராமல் என்ன செய்யும்?

வெட்டிவேர் என்றதும் ஞாபகம் வருகிறது, உங்கள் பாட்டிலில் அடியில் அதுவும் இருக்க வாய்ப்பு உண்டு. இந்த ரகத்தில் அடித்தளத்துக்கு அதை நிறையப் பேர் போடுகிறார்கள். உலகம் முழுக்க சென்ட்காரர்கள் அதை நம்ம தமிழ்ப் பெயரிலேயேதான், வெட்டிவேர், வெட்டிவேர் என்று கூப்பிடுகிறார்கள். ஆரஞ்சு என்ற சொல்லும் நம்ம நாரத்தைக்குச் சொந்தக்காரச் சொல், ஏதோ ஒரு திராவிட மொழியிலிருந்து சமஸ்கிருதம், பாரசீகம், அரபி என்று நடந்து போனது. இதை மட்டும் வெட்டி எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிடாதீர்கள், பழத்தோட்டத்தையே நாம்தான் கண்டுபிடித்தோம் என்று நாளைக்கே திரும்பி வந்துவிடும்.

வெயிலையே குடித்துக் காய்க்கிற எலுமிச்சையும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் அப்பா கோபித்துக்கொள்வார். சிசிலியில் வெர்தெல்லி என்று ஒரு போகம். எலுமிச்சை மாமூலாகக் காய்ப்பது குளிர்காலத்தில், விலை ஏறுவது கோடையில், அதனால் ஜூன், ஜூலையில் மரத்துக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். இலை சுருண்டு தொங்குகிற வரைக்கும் காயப்போட்டு, அதற்கு மேல் விட்டால் செத்துவிடும் என்கிற கட்டத்தில் தண்ணீரைப் பாய்ச்சினால், பதறிப்போன மரம் ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொரு தடவை பூக்கும். அந்தக் காய் அடுத்த கோடையில் பச்சையாகவே பறிப்புக்கு வரும். தாகத்தில் பிறந்த எலுமிச்சை. உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இந்தச் சூட்சுமம் புதிதாக இருக்காது.

ஆனால் சென்ட்டில் நிஜமான வெப்பம் வருவது எலுமிச்சையிலிருந்து இல்லை, அதற்குக் கீழே வைத்திருக்கிற பிசினிலிருந்து. அந்தக் கடலோரத்துப் பாறை நிலங்களில் சிஸ்டஸ் என்று ஒரு குத்துச்செடி, கசங்கிய காகிதம் மாதிரி பூ. கோடை உச்சத்தில் அதன் இலையிலும் தண்டிலும் பசை கசியும், லாப்டனம் என்பது அதுதான். கிரேக்க நாட்டின் கிரீட் தீவில், உச்சிவெயில் நேரமாகப் பார்த்து, நீளமான வார்கள் கட்டிய ஒரு வாரியால் செடிகளை அடித்து அடித்து அந்தப் பசையை ஒட்டி எடுப்பார்கள். வெயில் தணிந்தால் பசை வராது. அந்தக் காலத்தில் செடி மேய்கிற வெள்ளாட்டுத் தாடியில் ஒட்டியதைச் சீவி எடுத்ததும் உண்டு, பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸே அதை எழுதியிருக்கிறார். வாசனை தேனும் தோலும் கொஞ்சம் சாம்பிராணியும் கலந்தது போல இருக்கும், சூடான கல்லில் மூக்கை வைத்தது மாதிரி. நல்ல கைகாரர் என்றால் மேலே எலுமிச்சை, கீழே இந்தப் பிசின், இரண்டுக்கும் நடுவே ரோஸ்மேரி, அத்தியிலை என்று எதையாவது வைத்து, நிழலில் நின்று வெயிலைப் பார்க்கிற மாதிரி கட்டிவிடுவார். எனக்குப் பிடித்தது இந்த ரகம். மலிவான சரக்கில் மேலே உள்ள எலுமிச்சை மட்டும் இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது, அது உங்கள் மனைவி சொன்னதுதான்.

எது என்று கண்டுபிடிப்பது சுலபம். அரை மணி நேரத்தில் வாசனை போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் எல்லாம் போகத்தான் செய்யும், லேசான பொருள்கள், உடம்புச் சூட்டிலேயே பறந்துவிடும், உங்கள் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அது ஏமாற்று கிடையாது, அதன் குணம். எட்டு மணி நேரம் நிற்கிற எலுமிச்சை என்று யாராவது விற்றால் அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும், பெரும்பாலும் செயற்கைக் கஸ்தூரி வகையறாக்களைப் போட்டு நிறுத்தியிருப்பார்கள், அது ஆபீஸ் லிஃப்டில் நமக்கு முன்னால் போய் நிற்கும். நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை அடித்து மடித்து வைத்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். அப்போது தேனும் பிசினும் வேரும் மாதிரி ஏதாவது வந்தால் மச்சினனுக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். வெறும் துணி வாசனை வந்தால் மனைவி ஜெயித்தார்.

போடுவது சாயங்காலம் குளித்த பிறகு, கைக்குட்டையிலோ சட்டையின் உள்பக்கத்திலோ. கழுத்தில் அடித்துக்கொண்டு வெயிலில் போக வேண்டாம். பெர்கமோட் தோலெண்ணெயில் பெர்காப்டென் என்று ஒன்று உண்டு, வெயில் பட்டால் தோலில் பழுப்புத் தழும்பு விழுந்து மாதக்கணக்கில் நிற்கும். இப்போது பெரிய தயாரிப்பாளர்கள் அதை நீக்கிவிட்ட எண்ணெயைத்தான் பயன்படுத்துகிறார்கள், இருந்தாலும் வம்பு எதற்கு?

அப்புறம் அந்த ஜன்னல் திட்டு. முதல் வேலையாகப் பாட்டிலை அங்கிருந்து எடுங்கள். வெளிச்சமும் சூடும் பட்டால் லிமோனீன் கெட்டுப்போய் வார்னிஷ் வாடை அடிக்கும், தோலுக்கும் ஆகாது. மின்னுவதைப் பார்க்க ஆசையாக இருந்தால் காலியான பிறகு தண்ணீரும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் போட்டு வைத்துக்கொள்ளலாம். இப்போதைக்கு ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், அப்பா ஜூஸ் என்று நினைத்து எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா