சிவில் வழக்குக்கு என் வரிப்பணம் எதற்கு?

வணக்கம். வசதியில்லாதவர்களின் சிவில் வழக்குகளுக்கும் அரசு செலவில் வக்கீல் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கிரிமினல் வழக்கு என்றால் சரி, ஒருவர் ஜெயிலுக்குப் போக நேரலாம். வாடகை, கடன், விவாகரத்து எல்லாம் இரண்டு பேருக்குள் நடக்கும் தகராறு. அதற்கு ஏன் என் வரிப்பணம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பிரிப்பதுபோலத்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் பிரித்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வசதியில்லை என்றால் அரசே வக்கீல் அமர்த்த வேண்டும் என்று 1963இல் கிடியன் வழக்கில் சொன்னது. பெற்ற தாயின் உரிமையையே ரத்து செய்யும் வழக்கில் அது எல்லோருக்கும் கட்டாயமில்லை என்று 1981இல் லாசிட்டர் வழக்கில் சொன்னது. சில நாள் சிறைக்கு வக்கீல் உண்டு, பிள்ளையை அடியோடு இழப்பதற்கு உறுதியில்லை. எனக்கு இந்தக் கணக்கு பிடிபடவே இல்லை.

அப்புறம், 'இரண்டு பேர் தகராறு' என்கிறீர்கள். வாடகை வழக்கில் தீர்ப்பானதும் சாமான்களை வெளியே எடுத்துவைப்பது நீதிமன்ற ஆட்கள். தேவைப்பட்டால் போலீசும் வரும். உதவித்தொகையை நிறுத்திய வழக்கில் எதிர்த்தரப்பே அரசுதான். அந்தத் தரப்பு வக்கீலுக்கும் உங்கள் வரிப்பணம்தான் போகிறது. அதைக் கேட்டு எனக்கு யாரும் கடிதம் போடுவதில்லை!

செலவு மிச்சமாகும் என்று நினைத்தால் இங்கிலாந்தைப் பாருங்கள். 1949இல் சட்டம் போட்டு சட்ட உதவியைத் தொடங்கிய நாடு அது. 2012இல் வேறொரு சட்டம் கொண்டுவந்து, 2013 ஏப்ரல் முதல் பெருமளவு வெட்டியது. கடன் பிரச்சினை என்று போனால் உதவி கிடையாது. கடனால் வீடே பறிபோகும் நிலை வந்தால் உண்டு. ஆரம்பத்தில் ஒரு ஆலோசனையில் முடிந்திருக்கக்கூடியதை வழக்காக முற்றவிட்டு, அதன்பிறகு பணம் கொடுக்கும் ஏற்பாடு. குடும்ப வழக்குகளில் வன்முறைக்கு ஆதாரம் காட்டுபவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு நிறுத்திவிட்டார்கள். தம்பதிகள் நீதிமன்றம் வராமல் சமரசத்துக்குப் போவார்கள் என்று அரசு எதிர்பார்த்தது. நடந்தது நேர்மாறு. சமரசத்துக்குப் போகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்ததே சட்ட உதவியில் வந்த அந்த வக்கீல்கள்தான். அவர்கள் இல்லாமல் போனதும் சமரசத்துக்கு வருபவர்கள் சரிந்தார்கள். இரண்டு தரப்புமே வக்கீலில்லாமல் வந்து நிற்கும் வழக்குகள் ஏறின. நீதிபதி ஒவ்வொரு படிவத்தையும் விளக்க வேண்டும். அந்த நேரத்துக்கும் வரிதான் கட்டுகிறார்கள்.

கண்டவர்களும் கேஸ் போடுவார்கள் என்ற பயம் வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் வருமானத்தைப் பார்க்கிறார்கள், பல இடங்களில் வழக்கில் நியாயம் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் மத்திய அரசின் நிதியில் இயங்கும் அமைப்புகளுக்குப் பொதுவான வருமான வரம்பு வறுமை அளவின் 125 சதவீதம். பலரின் சார்பாக ஒரே வழக்காகப் போடுவதும் 1996 முதல் அவற்றுக்குத் தடை.

என் மனக்குறை அந்த வரம்பில்தான். அதைக் கொஞ்சம் தாண்டிச் சம்பாதிப்பவருக்கு இலவச வக்கீலும் இல்லை, காசுக்கு வைக்கவும் முடியாது. உங்கள் அடுத்த கடிதம் அவரைப் பற்றி இருந்தால் மகிழ்வேன்.