பழைய கார் திருட்டுப் போகாம இருக்க என்ன பண்ணலாம்? கேளுங்க, சொல்றேன்

நான் தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வொர்த்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன், கைக்கு வர்றதுல பாதி பழைய வண்டிதான், டட்சன், கார்ட்டினா, சிட்டி கோல்ஃப், நிசான் 1400 பக்கி (பின்னாடி சாமான் ஏத்துற சின்ன வண்டி), பீஎம்டபிள்யூ 325 ஐஎஸ். லாக், அலாரம், கில் ஸ்விட்ச் (வண்டி ஸ்டார்ட் ஆகாம தடுக்குற மறைவு ஸ்விட்ச்), டிராக்கர் (வண்டி எங்க இருக்குன்னு காட்டுற கருவி) பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், வீட்டு நம்பர், கேட்டு, நம்பர் பிளேட் எல்லாம் தெரியுற மாதிரி வண்டி போட்டோ போடாதீங்க.

ஃபீனிக்ஸ் தம்பி: அண்ணா, தாத்தாவோட டட்சன் 1200, இன்னும் பாயின்ட்ஸ்தான். கில் ஸ்விட்ச் பெட்ரோல்ல போடுறதா, கரண்ட்ல போடுறதா?

நல்ல கேள்வி தம்பி, இதைக் கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். பாயின்ட்ஸ்னா டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள திறந்து மூடி ஸ்பார்க் வர வைக்கிற சின்ன ஸ்விட்ச். உங்க வண்டியில மெக்கானிக்கல் பம்ப், கார்ப்ரேட்டர். பெட்ரோல் லைன்ல வால்வு போட்டு அடைச்சாலும் கார்ப்ரேட்டர் சட்டியில மிச்சம் இருக்குற பெட்ரோல்லயே வண்டி ஸ்டார்ட் ஆகும், தெரு முனை தாண்டி எங்கயாவது போய் நிக்கும். திருடன் விட்டுட்டு ஓடிட்டா சரி, பின்னாடியே கூட்டாளி பக்கியில கயிறோட வந்தா என்ன பண்ணுவீங்க? அதனால கரண்ட்தான். ஆனா நிறைய பேர் சாவியிலேருந்து காயில் (ஸ்பார்க்குக்கு கரண்ட்டை ஏத்திக் கொடுக்குற சுருள்) பிளஸுக்குப் போற ஒயரை வெட்டி நடுவுல ஸ்விட்ச் வைக்கிறாங்க. பழைய வண்டி தெரிஞ்ச திருடன் சாவியைத் தொடவே மாட்டான், பானெட்டைத் தூக்கி பேட்டரியிலேருந்து காயில் பிளஸுக்கு நேரா ஒரு ஒயர் போடுவான், உங்க ஸ்விட்ச் அங்கயே செத்துச்சு. நான் போடுறது காயில் மைனஸ்ல. பாயின்ட்ஸுக்குப் போற அந்தப் பக்கத்துலேருந்து மெல்லிசா ஒரு கறுப்பு ஒயர், பழைய ஒயர் கட்டுக்குள்ளயே சேத்து டேப் சுத்தி உள்ள கொண்டு வந்து, மறைவா ஒரு ஸ்விட்ச் வழியா பாடியில எர்த். ஸ்விட்ச் போட்டா பாயின்ட்ஸ் திறந்தாலும் ஸ்பார்க் வராது, அவன் பிளஸ்ல எத்தனை ஒயர் போட்டாலும் ஸ்டார்ட்டர் சுத்துமே தவிர வண்டி எடுக்காது. இவனுக்கு எங்க கோளாறுன்னே புரியாது. ஆனா அந்த ஸ்விட்ச் போட்டுட்டு நீங்க சாவியை ஆன்ல விட்றாதீங்க, காயில் சூடாகி கெட்டுடும். பாயின்ட்ஸை எடுத்துட்டு எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாத்தியிருந்தா இந்த வேலையை அப்படியே செய்யாதீங்க, வண்டியைக் காட்டிட்டுப் போட்டுக்குங்க.

மெரிபேங்க் தம்பி: 325 ஐஎஸ்ஸுக்கும் இதே வேலைதானா அண்ணா?

இல்ல. அது இன்ஜெக்ஷன், எலக்ட்ரிக் பம்ப், பம்ப் ரிலேயை கட் பண்ணா லைன்ல பிரஷர் இறங்கி சீக்கிரமே நின்னுடும். 2.7 லிட்டர் என்ஜின் வச்ச அந்த மாடல் நம்ம நாட்டுக்குன்னே வந்தது, ஸ்பின்னிங் (வண்டியைச் சுழட்டி வித்தை காட்டுற) பசங்க அதுக்கு உயிரையே விடுறாங்க, அதனால முழு வண்டியா விக்கலேன்னாலும் உதிரியா பிரிச்சு வித்துடுவான். சாவியில சிப் கிடையாது. ஸ்டீயரிங் லாக், கியர் லாக், மறைவா கட், டிராக்கர், நாலும் போடுங்க.

சாட்ஸ்வொர்த் தங்கச்சி: டிராக்கர் மட்டும் போட்டா போதாதா?

போதாது மா. டிராக்கர் திருட்டைத் தடுக்காது, போனதுக்கப்புறம் தேட உதவும். திருடன் ஜாமர் (சிக்னலை அடைக்கிற கருவி) வச்சிருந்தா செல்போன் சிக்னலை நம்புற டிராக்கர் ஊமையாயிடும், அதனால ரேடியோ சிக்னலும் சேந்து இருக்குற மாதிரி கேட்டு வாங்குங்க. வாரக்கணக்கா நிக்கிற வண்டின்னா அது பேட்டரியை மெதுவா குடிக்கும். அதுக்காக பேட்டரி ஐசொலேட்டர் (பேட்டரி இணைப்பையே துண்டிக்கிற ஸ்விட்ச்) போட்டா டிராக்கரும் சேந்து அணைஞ்சுடும், சொந்த பேட்டரி உள்ள டிராக்கரா இருக்கணும்.

டோங்காட் ஐயா: தம்பி, இவ்வளவு ஒயர் எதுக்கு? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ள சுத்தி ஸ்பார்க்கைப் பிரிச்சுக் கொடுக்குற ரோட்டரைக் கழட்டி பாக்கெட்ல போட்டா முடிஞ்சது. எங்க காலத்துல எல்லாரும் அதைத்தான் செஞ்சோம்.

ஐயா, ஊருக்குப் போறப்ப, வண்டி ஒரு மாசம் சும்மா நிக்கிறப்ப நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா தினம் கடைக்குப் போறப்ப எல்லாம் பானெட் திறந்து ரெண்டு கிளிப்பைத் தட்டி எண்ணெய்க் கையோட நிக்க முடியுமா? நாலு நாள் செய்வாங்க, அஞ்சாம் நாள் விட்டுடுவாங்க, அன்னிக்குதான் போகும்.

டோங்காட் ஐயா: சோம்பேறிக்கு எந்தப் பூட்டும் உதவாது. ரோட்டர் இல்லாம எந்தத் திருடனும் ஓட்ட முடியாது.

டட்சனைக் குறி வச்சு வர்றவன் பாக்கெட்ல ஒரு டட்சன் ரோட்டர் வச்சிருப்பான் ஐயா, அது சல்லிசா கிடைக்கிற சாமான். நான் போட்ட ஒயரை இருட்டுல தேடணும். நேரம்தான் அவனுக்கு எதிரி.

ஸ்டேங்கர் அக்கா: ஹைஜாக் பண்ணா கில் ஸ்விட்ச் உதவுமா தம்பி?

அக்கா, இதைப் பெரிய எழுத்துல எழுதி வச்சுக்குங்க. துப்பாக்கி காட்டினா சாவியைக் கொடுத்துட்டு கையைத் தூக்கிட்டு விலகுங்க. ஸ்விட்ச் போட்டு வண்டி பக்கத்துலயே நின்னுட்டா அவன் கோவத்தோட உங்ககிட்டதான் திரும்பி வருவான். நான் சொல்றது எல்லாம் நிறுத்தி வச்ச வண்டிக்கு மட்டும்.

ஃபீனிக்ஸ்லேருந்து இன்னொருத்தர்: டிராக்கர் போதுமா?

மேல தங்கச்சிக்கு எழுதினதைப் படிங்க.

இசிபிங்கோ தம்பி: கதவுக்குக் கீழ துரு பிடிச்சிருக்கு, என்ன செய்யலாம்?

பாடி வேலை ஆளைக் கேளுங்க.

மெரிபேங்க் தங்கச்சி: அப்பா கோல்ஃபை விக்கிறோம், டெஸ்ட் டிரைவ் கேக்குறாங்க.

தனியா அனுப்பாதீங்க, கூட ஒரு ஆள் உக்காரணும். சீட் மாறி உக்காரும்போது என்ஜினை அணைச்சு சாவியைக் கையில எடுங்க, இல்லேன்னா நீங்க இறங்கினதும் கிளம்பிடுவாங்க. பணம் அனுப்பிட்டேன்னு போன்ல காட்டுற ஸ்லிப்பை நம்பாதீங்க, உங்க அக்கவுண்ட்ல விழுந்ததைப் பாத்துட்டு பேப்பர் குடுங்க. வீட்டு அட்ரஸ் தெரியுற போட்டோ விளம்பரத்துல இருந்தா இன்னிக்கே எடுங்க.

சாட்ஸ்வொர்த் தம்பி: மைக்ரோடாட் பழைய வண்டிக்கும் கட்டாயமா?

மைக்ரோடாட்னா வண்டியில அங்கங்க அடிக்கிற, அடையாள நம்பர் உள்ள குட்டிப் புள்ளிங்க. 2012 செப்டம்பர்லேருந்து முதல் தடவை பதிவான வண்டிக்குத்தான் சட்டம். உங்க 78 மாடலுக்குக் கட்டாயம் இல்ல, ஆனா அடிச்சு வைங்க. சேசிஸ் நம்பரை உரசினாலும் அந்தப் புள்ளிங்க அங்கங்க இருக்கும், போலீஸ் பிடிச்சா உங்க வண்டின்னு நிரூபிக்க வழி இருக்கும். சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் போட்டோவை வண்டிக்குள்ள வைக்காதீங்க. இன்சூரன்ஸும் பேசி ஒத்துக்கிட்ட மதிப்புக்கு எழுதுங்க. டிராக்கர் வேலை செய்யணும்னு பாலிசியில நிபந்தனை இருந்து உங்களுது செத்துக் கிடந்தா பணம் வராம போகலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா: ரெண்டு பேரும் சண்டை போடுறீங்க, நான் என் கார்ட்டினாவோட ஒரிஜினல் ஒயரிங்ல கத்தியே வைக்க விட மாட்டேன். மதிப்பு போயிடும்.

ஒரு ஒயரும் வெட்ட வேண்டாம் ஐயா. காயில் மைனஸ்ல நட்டு இருந்தா அதுக்கடியில ரிங் டெர்மினல், தட்டையான ஸ்பேடு முனைன்னா மேல ஒட்டிக்கிற இரட்டை டெர்மினல். எர்த்துக்கு ஏற்கனவே இருக்குற போல்ட். ஸ்விட்ச்சுக்கு டாஷ்போர்டுல ஓட்டை போட வேணாம், சீட்டுக்கடியில பிராக்கெட்ல நிக்கும். விக்கிறப்ப கழட்டினா பழையபடி ஆயிடும்.

டோங்காட் ஐயா: சரி தம்பி, ஒரிஜினலைத் தொடலேன்னா ஒத்துக்கிறேன். ஆனா காவடி சமயம் கோயிலுக்கு வர்றப்ப நான் ரோட்டரைக் கழட்டத்தான் போறேன்.

கழட்டுங்க ஐயா, நல்லதுதான். ஸ்விட்ச்சையும் போட்டுட்டு, கதவைக் கையால இழுத்துப் பாத்துட்டு வாங்க. ரிமோட் அமுக்கினேன்னு போயிடாதீங்க, கூட்டத்துல ஜாமர் வச்சு பூட்டாம விடுறவங்க இருக்காங்க.

ஃபீனிக்ஸ்லேருந்து வேற ஒருத்தர்: டிராக்கர் மட்டும்...

மேல இருக்கு, படிங்க.