பெரிய கோயிலும் பறைச்சேரியும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் தஞ்சாவூருக்குப் பக்கம். பள்ளி நாட்களில் பெரிய கோயிலைப் பற்றி யார் பேசினாலும் நெஞ்சு நிமிரும். அம்பேத்கரைப் படிக்கத் தொடங்கிய பிறகு அது போய்விட்டது. என் அப்பாயி சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருக்காரர்கள் அதற்குள் போக முடியாது. இப்போது விமானத்தைப் பார்த்தாலே கோபம் வருகிறது. இதை என் மரபு என்று நான் ஏன் சொல்ல வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபம் நியாயமானது. அது தணியவும் வேண்டாம். ஆனால் அடுத்த முறை போகும்போது அண்ணாந்து பார்ப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கல்வெட்டுகளைப் படியுங்கள். எழுத்து பழகப் பழகக் கூடிவரும்.

‘நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ கல்லில் வெட்டச் சொல்கிறான் ராஜராஜன். இதை மேடைதோறும் சொல்கிறார்கள். ஆனால் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் எந்த நிலத்துக்கு வரி கிடையாது என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது. ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், கம்மாளர்கள் குடியிருந்த கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு கணக்கர் வெகு சாதாரணமாக எழுதிவிட்டுப் போன சொல் அது. தீண்டாமை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று வாதாடுகிறவர்களிடம் நான் காட்டுவது இந்த வரியைத்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். கோயிலில் ஆடிப்பாட அங்கே குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், வந்த ஊர், எந்தச் சிறகில், அதாவது தெருவின் எந்த வரிசையில், எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு வருஷம் 100 கலம் நெல். சேரிகளைச் சொல்லும் அந்த நிலப் பட்டியலிலோ, அங்கே குடியிருந்தவர்களில் ஒருவர் பெயரும் கிடையாது. நெல் விளைந்தது யார் உழைப்பில்? எனக்கு ஆறாத வரிகள் இவை.

உங்கள் முன்னோர் பெயர் அந்தச் சுவரில் இல்லை என்பதற்காகச் சுவர் உங்களுடையது இல்லாமல் போய்விடாது. 1907இல் சென்னையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர், பழந்தமிழ் நூல்களைத் தூக்கி எறியவில்லை. அவற்றையே ஆதாரமாக வைத்து, தம் மக்கள் பூர்வ பௌத்தர்கள், இழிவு பின்னால் சுமத்தப்பட்டது என்று வாதிட்டார். அவருடைய முடிவுகள் எல்லாம் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் நூல்களை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்ற அந்தப் பிடிவாதத்தின் முன் நான் தலை வணங்குகிறேன்.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயரோடு, அதுவரை உள்ளே விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்கள் நுழைந்தார்கள். வாசல் அப்படித்தான் போராடித் திறந்தது. கல்வெட்டும் நமக்கு அப்படித் திறக்க வேண்டியதுதான்.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் தஞ்சைக் கல்வெட்டுகள் அச்சாகியிருக்கின்றன, பெரிய நூலகங்களில் கிடைக்கும். ஊர்ப் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், சேரியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.