ரயில் ஓட்டும் ஜப்பானிய விளையாட்டுகளில் ஸ்டீயரிங்கூடக் கிடையாதே, அப்படி என்ன சுவாரசியம்?

உண்மைதான், ஸ்டீயரிங் கிடையாது. சுடுவதற்கு எதிரி கிடையாது. முன்னால் போகிற வண்டியை முந்தவும் முடியாது. தண்டவாளம் போகிற வழியில் போக வேண்டியதுதான். என் தங்கையும் இதையே கேட்டாள், இன்னும் கொஞ்சம் மரியாதைக் குறைவாக: “அண்ணா, இதில் நீ செய்கிற வேலைதான் என்ன?”

நிறுத்துவது. ரயிலைக் கிளப்ப யாராலும் முடியும், கைப்பிடியை இழுத்தால் கிளம்பிவிடும். தோக்கியோவின் யமனோத்தே வட்டப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 34.5 கிலோமீட்டர் சுற்று, 30 நிலையங்கள். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒவ்வொரு ரயிலுக்கும் 11 பெட்டிகள், மொத்தம் 220 மீட்டர் நீளம். இந்த நீளத்தை முப்பது இடங்களில், பிளாட்பாரத்தில் போட்டிருக்கும் குறிக்கு நேராக, அட்டவணையில் சொன்ன விநாடியில் நிறுத்த வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்றாலும் திரையில் மதிப்பெண் சரியும்.

இந்த ரயிலுக்குக் கைப்பிடி ஒன்றுதான். நம் பக்கம் இழுத்தால் வேகம், அதற்கு ஐந்து படிகள். அந்தப் பக்கம் தள்ளினால் பிரேக், அதற்கு எட்டுப் படிகள். எட்டையும் தாண்டித் தள்ளினால் அவசர பிரேக். புதிதாக ஓட்டுகிறவர் செய்யும் தவறு இரண்டே வகை. பயந்தவர் தொலைவிலேயே பிரேக் போட்டுவிட்டு, பிளாட்பாரம் நெடுக நத்தையாக ஊர்ந்து பதினைந்து விநாடியைக் கோட்டைவிடுவார். தைரியசாலி குறியைத் தாண்டிப் போய் நிற்பார். நான் முதல் இரண்டு மாதம் தைரியசாலியாக இருந்தேன்.

கைதேர்ந்தவர்கள் செய்வது வேறு. வேகம் பிடித்ததும் கைப்பிடியை நடுநிலைக்குக் கொண்டுவந்து ரயிலைத் தன்போக்கில் ஓட விட்டுவிடுகிறார்கள். நிலையம் நெருங்கும்போது ஒரே தடவையில் பலமாக, ஐந்தாம் படியோ ஆறாம் படியோ போடுகிறார்கள். பிறகு வேகம் குறையக் குறைய பிரேக்கை ஒவ்வொரு படியாகத் தளர்த்துகிறார்கள்: நான்கு, மூன்று, இரண்டு. ஒன்றாம் படியில் இருக்கும்போது ரயில் நிற்க வேண்டும். ஐந்தாம் படியிலேயே நின்றால் உள்ளே நிற்கிற பயணிகள் எல்லோரும் ஒருமுறை முன்னால் சாய்ந்து எழுவார்கள். பொங்கி வரும் பாலுக்கு அடுப்பைத் தணிக்கிற கை எப்படிப் பழகுகிறதோ அப்படித்தான் இதுவும் பழகுகிறது. எத்தனை மீட்டரில் தொடங்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு பிரயோசனமில்லை. முதல்முறை குறிக்கு நேராக, ஒரு சின்னக் குலுக்கல்கூட இல்லாமல் நிறுத்தியபோது இரவு ஒன்றரை மணி. வீட்டில் யாரையும் எழுப்பிச் சொல்ல முடியாத சந்தோஷம் அது.

(உண்மையான யமனோத்தே ரயிலில், பிளாட்பாரக் கதவுகள் வந்தபின், குறியில் நிறுத்துவதற்குக் கருவியே உதவுகிறது. ஓட்டுநர்களுக்கு இயந்திரம் செய்துகொடுப்பதை நான் என் அறையில் உட்கார்ந்து கையால் செய்துகொண்டிருக்கிறேன் என்பது தங்கைக்குத் தெரியாது. சொல்லிவிடாதீர்கள்.)

இதையெல்லாம் பிரபலமாக்கியது டைட்டோ நிறுவனத்தின் ‘டென்ஷா டே கோ!’. டென்ஷா என்றால் மின்ரயில். 1996-இல் காசு போட்டு ஆடும் கூடங்களில், இரண்டு கைப்பிடிகள் பொருத்திய பெரிய பெட்டியாக வந்தது. அடுத்த வருடம் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. நான் ஓட்டுவது அந்த வரிசையில் யமனோத்தேயை வைத்து 2020-இல் வந்த விளையாட்டு. எழுத்தெல்லாம் ஜப்பானியம். அதைப் பொருட்படுத்த வேண்டாம், சிக்னலுக்கு மொழி கிடையாது.

ஆனால் என் மனம் போவது இன்னொரு வகைக்கு. மினோரு முகாயா என்று ஓர் இசைக்கலைஞர், காசியோப்பியா என்ற ஜாஸ் குழுவில் கீபோர்டு வாசித்தவர். தீராத ரயில் பைத்தியம். அவர் நடத்திய நிறுவனத்தின் பெயரே ஓங்காக்கன், இசை இல்லம் என்று பொருள். அங்கிருந்து 1995-இல் ‘டிரெயின் சிமுலேட்டர்’ வந்தது. வரைந்த காட்சி எதுவும் இல்லை. ஓடும் ரயிலின் முகப்பிலிருந்து எடுத்த நிஜ வீடியோ. நீங்கள் வேகம் கூட்டினால் படம் வேகமாக ஓடும், குறைத்தால் மெதுவாக ஓடும். பிற்பாடு இதே நிறுவனம் ரயில்வேக்களுக்கே ஓட்டுநர் பயிற்சிக் கருவிகள் செய்துகொடுத்தது. முகாயாவோ, ரயில் புறப்படும்போது நிலையங்களில் ஒலிக்கும் குட்டி மெட்டுகளையும் ஏராளமாக அமைத்திருக்கிறார். ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த முறையில் ஒரு விசித்திரம் உண்டு. நான் பிரேக் போட்டால் ஊரே பிரேக் போடுகிறது. எதிரே வரும் ரயிலும் வேகம் குறைக்கிறது, சாலையில் போகும் காரும் தயங்குகிறது, பறக்கிற காக்கைகூடச் சிறகை மெல்ல அடிக்கிறது. நான் முழுதாக நிறுத்திவிட்டால் பிளாட்பாரத்தில் நடந்துகொண்டிருந்தவர் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நிற்கிறார். தப்பான இடத்தில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருப்பது கொஞ்சம் சங்கடம்தான். 2022-இல் ‘ஜேஆர் ஈஸ்ட் டிரெயின் சிமுலேட்டர்’ என்ற பெயரில் இதே முறையில் ஒன்று ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுத் தளத்தில் வந்தது. அதில் தோக்கியோவின் நெரிசல் தடங்களைவிட ஹாச்சிகோ தடம்தான் எனக்குப் பிடித்தது. ஒற்றைத் தண்டவாளம், கிஹா 110 என்ற டீசல் வண்டி, வயல்கள், ஆளே இல்லாத நிலையங்கள்.

விளையாட்டில் ஆரம்பித்தது ரயில்வேயில் போய் முடிந்தது. ஓட்டுநர் மேசையில் பாக்கெட் கடிகாரம் வைப்பதற்கென்றே ஒரு பள்ளம் இருப்பது, அட்டவணையில் விநாடிகள் அச்சிட்டிருப்பது எல்லாம் அப்படித்தான் தெரியவந்தன. ‘ஷுப்பாட்சு ஷின்கோ’ என்று ஜப்பானியக் குழந்தைகள் ரயில் பொம்மையைத் தள்ளும்போது கத்துவார்கள், ‘புறப்படுவோம்!’ என்ற உற்சாகத்தில். ஓட்டுநர் சொல்லும்போது அதற்கு அந்தப் பொருள் இல்லை. புறப்பாட்டுச் சிக்னல் ‘போகலாம்’ என்று காட்டுகிறது, அவ்வளவே. கையுறை போட்ட விரலால் சிக்னலைச் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இப்படிச் சுட்டிச் சொல்வதால் தவறுகள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைகின்றன என்று அங்குள்ள ரயில்வே ஆய்வு நிறுவனம் 1994-இல் சோதித்துக் கண்டது. நம் ஊர் என்ஜினிலும் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் சிக்னலை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வார்கள். நான் வீட்டைப் பூட்டும்போது “கேஸ், சரி, பூட்டு, சரி” என்று விரலை நீட்டிச் சொல்கிறேன். எதிர்வீட்டு மாமி ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 2005 ஏப்ரல் 25 காலை, ஜப்பானின் ஃபுகுச்சியாமா தடத்தில் ஒரு பயணிகள் ரயில் இத்தாமி நிலையத்தில் 72 மீட்டர் தாண்டிப் போய் நின்றது. ஓட்டுநருக்கு வயது 23. பின்னால் எடுத்துவந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது ஒரு நிமிடத்துக்கும் மேல் தாமதம். அமாகசாகிக்குச் சற்று முன்னால், 70 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய வளைவில் அந்த ரயில் 116 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து தடம் புரண்டு, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. ஓட்டுநரையும் சேர்த்து 107 பேர் இறந்தார்கள். பிரேக் போட வேண்டிய நேரத்தில் அவருடைய கவனம், எத்தனை மீட்டர் தாண்டினோம் என்று கார்டு கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிக்கொண்டிருந்த வயர்லெஸ் பேச்சில் இருந்திருக்கக்கூடும் என்றது விசாரணை அறிக்கை. தவறு செய்த ஓட்டுநர்களுக்கு அங்கே ‘மறுபயிற்சி’ என்ற பெயரில் நடந்தது பெரும்பாலும் தண்டனைதான். முன்பும் ஒருமுறை தாண்டி நிறுத்தியதற்காக அவர் அதை அனுபவித்தவர்.

இதைப் படித்த பிறகு நான் ஓட்டும் முறை மாறிவிட்டது. தாண்டி நிறுத்திவிட்டால், அடுத்த நிலையத்துக்குள் விநாடிகளைப் பிடிக்கப் பார்ப்பதில்லை. வளைவுப் பலகையில் என்ன எண் இருக்கிறதோ அந்த வேகம்தான். தாமதமாகவே போய்ச் சேர்கிறேன், மதிப்பெண் போனால் போகட்டும்.

ஓட்டிப் பார்க்க ஆசை வந்திருந்தால் முதலிலேயே பணம் போடாதீர்கள். பிவிஇ என்று 1996-இல் தொடங்கிய ஒரு சிமுலேட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. ஆர்வலர்கள் செய்த தடங்கள் அதற்கு நிறைய உண்டு. கைப்பிடிக் கருவியும் இப்போது வேண்டாம், முதல் இரண்டு மாதம் விசைப்பலகை போதும். நிலையங்கள் தள்ளித் தள்ளி இருக்கிற கிராமத்துத் தடமாகப் பார்த்து எடுங்கள். ராத்திரியில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஓட்டுங்கள். பிரேக் காற்று ‘உஸ்’ என்று இறங்கும் சத்தத்தை வைத்தே எந்தப் படியில் இருக்கிறோம் என்று சில வாரத்தில் காது சொல்லிவிடும்.